இந்த லெந்துக்கு நான் விட்டது

பிப்ரவரி 22, புதன். சாம்பல் புதன்

காலை ஆராதனை முடிந்து வந்ததும் முதல் வேலையாக மீன்சட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பரணில் கவிழ்த்தேன். இனி ஈஸ்டர் வரைக்கும் லெந்து, நாற்பது நாள் தவக்காலம்; நம் வீட்டில் கவிச்சி கிடையாது. இவர், என் வீட்டுக்காரர், கீழே நின்று, ரயிலேறிப் போகிற உறவுக்காரரைப் பார்ப்பதுபோல் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குருவானவர் பிரசங்கத்தில், மீனை மட்டும் விட்டால் போதுமா, உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எதுவோ அதையும் விடுங்கள் என்றார். யோசித்துப் பார்த்தேன். மத்தியான சீரியலை விடுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். அதுவும் இப்போது அழுகையாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பெரிய நஷ்டமில்லை.

சாயந்தரம் எங்கள் சபைப் பையன் கிங்ஸ்லி புது பைக் வாங்கியிருக்கிறான் என்று பிரதிஷ்டை ஜெபத்துக்குக் கூப்பிட்டார்கள். குருவானவர் ஊரில்தான் இருக்கிறார். ஆனாலும் "பியூலாக்கா வந்து ஜெபிச்சா ஒரு நிறைவு" என்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் நல்ல தமிழே கற்றேன். எல்லாம் கிருபை. சக்கரங்கள், பிரேக், எதிரே வரும் லாரிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஜெபித்தேன். முடிப்பதற்குள் அவர்கள் வீட்டுக் காப்பி ஆறிவிட்டது.

கணக்கு: உளுந்து, நல்லெண்ணெய், சாம்பாருக்குக் கத்திரிக்காய். மீன்காரருக்கு ஈஸ்டர் வரை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

பிப்ரவரி 24, வெள்ளி

சாம்பார். இவர் சாப்பிடும் முன் வழக்கம்போல "நன்றி ஆண்டவரே, ஆமென்" என்று சொல்லித் தட்டை இழுத்தார். ஆண்டவருக்கு இவ்வளவுதானா நேரம் என்று கேட்டேன். சாம்பாருக்கு இது போதும் என்றார்.

பிப்ரவரி 27, திங்கள்

வத்தல் போட நல்ல வெயில். பின்வாசலில் நான் இந்தப் பக்கமும் எப்சி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமும் வேட்டியை விரித்துப் பிழிந்துகொண்டிருந்தோம். ஹெப்சிபா என்பது பைபிளில் எழுதி வைத்த பெயர். தெருவுக்கெல்லாம் எப்சி. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து கோயிலில் ஒரே பெஞ்சு, வீட்டில் ஒரே மதில். போன வாரம் அவள் இடியாப்பம் கொடுத்தனுப்பிய தூக்குவாளி இன்னும் என் அடுப்படியில்தான் இருக்கிறது. மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும்.

பிழிந்து முடித்துக் கையைக் கழுவியபின் அக்கா மதிலோரம் வந்தாள். முகம் சரியில்லை. சிகாமணி அண்ணனுக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, காது மங்கிக்கொண்டே வருகிறதாம். குக்கர் விசில் கேட்பதில்லை. வாசலில் பெல் அடித்தால் தெரிவதில்லை. டாக்டர் மிஷின் வைக்கச் சொல்லியும் மாட்டேன் என்கிறாராம். மிஷினோடு நின்றால் பாடகர் குழுவைப் பறித்துவிடுவார்கள் என்று பயம். எங்கள் சபையில் பாட்டு என்றால் சிகாமணி அண்ணன்தான். அவர் கை மேலே போனால் நாங்கள் எழுந்து நிற்போம், கீழே வந்தால் உட்காருவோம். ஈஸ்டர் பாட்டுக்கு வேறு இப்போதுதான் பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்.

"உன்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன், பிள்ள. அவியளுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னே போடுவாவ. யார்ட்டயும் மூச்சு விட்டுராத."

விடுவேனா. அக்கா கையைப் பிடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவளும் நானும் கொஞ்சம் அழுதோம். அதற்குள் காக்கை வத்தலில் உட்கார்ந்துவிட்டது.

மார்ச் 3, வெள்ளி

பெண்கள் ஐக்கிய ஜெபம். ஐயரம்மா, நம் குருவானவரின் மனைவி, கடைசி ஜெபத்தை என்னிடம் கொடுத்தார்கள். எப்சி அக்கா வரவில்லை, மாவு அரைக்க ஆள் வந்திருந்ததாம்.

இன்றைக்கு நல்ல ஜெபம். எனக்கே தெரிந்தது. வியாதியஸ்தர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழை, நாட்டின் தலைவர்கள் என்று வரிசையாகப் போய், கண்ணீர் தானாக வர ஆரம்பித்தது. அந்த உருக்கத்தில் ஒரு பாரம் என்னை நெருக்கியது. மனதில் இருப்பதை ஆண்டவரிடம் மறைக்க முடியுமா? "பாடகர் குழுவை நடத்துகிற உமது அடியானின் செவிகளைத் திறந்தருளும், அந்த வீட்டின் இரகசியக் கண்ணீரைத் துடைத்தருளும்" என்று வேண்டினேன்.

பெயர் சொல்லவில்லை. அதில் கவனமாகத்தான் இருந்தேன்.

ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது. எல்லோருக்கும் தொண்டை அடைத்திருக்கும்.

கணக்கு: காணிக்கை போட்டது, திரும்பும்போது கறிவேப்பிலை.

மார்ச் 5, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வந்திருந்த ரத்னாபாய் சித்தி சிகாமணி அண்ணனின் காதருகே போய், பஸ் ஸ்டாண்டில் கூப்பிடுவதுபோல் "சொகமா இருக்கீயளா தம்பி" என்று கேட்டாள். அவர் திடுக்கிட்டுப் போனார். அடுத்து வந்தவளும் அதே சத்தத்தில் கேட்டாள். அதற்கடுத்து இன்னொருத்தி விரலால் சைகை காட்டினாள். அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்புறம் எப்சி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் என்னை நிறுத்தினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அது என் பாரமா இருந்துது, அக்கா. நான் ஜெபந்தான் பண்ணினேன்" என்றேன்.

"நீ ஜெபம் பண்ணல, பியூலா. தண்டோரா போட்ட."

கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 6, திங்கள்

ஜெபிப்பது பாவமா? நான் யாரிடமும் போய்க் கதை சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டால் நான் என்ன செய்ய?

அக்காவின் தூக்குவாளி அலமாரியில் இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. எதையாவது போட்டு அனுப்பினால் லஞ்சம் மாதிரி இருக்கும். அது அங்கேயே இருக்கட்டும்.

சாம்பார். உப்பு கூடிவிட்டது. இவர் மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார்.

மார்ச் 8, புதன்

இவர் பாடகர் குழுவில் பாஸ், அதாவது கனத்த அடிக்குரல், பாடுகிறவர். பேச்சில் கஞ்சம், பாட்டில் மட்டும் வாய் திறப்பார். இன்றைக்குப் பயிற்சிக்குப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். சிகாமணி அண்ணன் பாட்டுப் புத்தகக் கட்டைக் கொண்டுவந்து கீபோர்டு வாசிக்கிற கிங்ஸ்லியின் மடியில் வைத்து, இனிமேல் இளம்பிள்ளைகள் நடத்தட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

நான், பாவம், இவ்வளவு நாளும் அவர் காது கேட்காததை யாருமே கண்டுபிடிக்கவில்லையே என்றேன். இவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"எங்களுக்குத் தெரியும்."

"என்னதுங்க?"

"பாஸ்ல நிக்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருசமா. அவருக்கு எடது பக்கமிருந்து சத்தம் கேக்காதுன்னு நாங்க வலது பக்கமா மாறி நின்னோம். சுருதி விட்டா தரையில காலால தட்டுவோம். அவர் பாட்டுக்கு நடத்துனாரு. நாங்க பாட்டுக்குப் பாடுனோம்."

ரெண்டு வருஷம். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே கிண்ணியில் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிற மனுஷன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

இவர் யோசிக்கக்கூட இல்லை. "ஒன்ட்ட சொன்னா நீ ஜெபம் பண்ணிருவ" என்றார்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மழை வரும், குடை எடுத்துக்கோ என்பதுபோல் சொன்னார்.

மார்ச் 9, வியாழன்

பால்காரர் வந்தார். காஸ் வந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

மார்ச் 10, வெள்ளி

பெண்கள் ஐக்கியம். ஐயரம்மா வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்கள். எழுந்தேன். கண்ணை மூடினேன். வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன, தேவரீர் முதல் ஆமென் வரை. திடீரென்று எனக்கு எப்சி அக்காவின் கேட் சாத்தும் சத்தம் கேட்டது. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தொண்டையில் ஏதோ என்று ரத்னாபாய் சித்தி முடிவு செய்துவிட்டாள். கற்பூரவல்லி இலையில் தேன் தடவிச் சாப்பிடச் சொன்னாள். பிறகு அவளே எழுந்து என் தொண்டைக்காக ஜெபித்தாள். தொண்டையின் நரம்புகள், சதைகள், உள்நாக்கு எதையும் விடவில்லை. அவ்வளவு பேர் நடுவில் என் உள்நாக்கைப் பற்றி ஆண்டவரிடம் பேசும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிகாமணி அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ.

முடிவு செய்துவிட்டேன். சீரியல் கணக்கில் சேராது. ஈஸ்டர் வரைக்கும் நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபிப்பதில்லை. இதை யாரிடமும் சொல்லப் போவதுமில்லை.

மார்ச் 12, ஞாயிறு

நற்கருணை ஞாயிறு. எங்கள் ஆராதனையில் சமாதானம் கையால் வரும். குருவானவர் பீடத்தில் தொடங்கி வைக்க, ஒருவர் கையை அடுத்தவர் இரண்டு கைகளுக்குள் வாங்கி, "சமாதானம்" என்று சொல்லி அடுத்தவருக்குக் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாகக் கடைசி வரை போகும். எனக்கு அது எப்போதும் எப்சி அக்கா கையிலிருந்துதான் வரும். தேங்காய் துருவித் துருவிக் காய்த்துப்போன கை.

இன்றைக்கு அக்கா பெஞ்சை மாற்றவில்லை. எனக்கும் தனக்கும் நடுவில் ரத்னாபாய் சித்தியை இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். சித்தி சாதாரணமாகவே ஒன்றரை ஆள் அகலம். அக்காவின் முந்தானைகூடத் தெரியவில்லை. சமாதானம் சித்தி வழியாகத்தான் வந்தது. கையில் விக்ஸ் வாசனை. என் தொண்டை எப்படி இருக்கிறது என்றும் அதே மூச்சில் விசாரித்துக்கொண்டாள்.

பாட்டு நன்றாக இல்லை. கிங்ஸ்லி கீபோர்டைக் குதிரை வண்டி மாதிரி ஓட்டுகிறான். சபை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடியது. சிகாமணி அண்ணன் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 15, புதன்

மனதைத் திடப்படுத்திக்கொண்டு எப்சி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து தயார் செய்திருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. கொஞ்சம் நீளம்.

அக்கா கதவைத் திறந்தாள். மாவு கையோடு நின்றாள். நான் தயார் செய்தது எல்லாம் ஒரு ஜெபம் மாதிரி இருப்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குக் கோவமில்ல, பியூலா" என்றாள். "பயமாத்தான் இருக்கு. நாப்பது வயசுக்கு மேல ஒரு பொம்பளைக்கு மனசு விட்டுப் பேச எத்தன பேரு இருக்கா? எனக்கு ஒருத்திதான் இருந்தா. இனி ஒன்ட்ட என்னத்தச் சொன்னாலும் அது மேல போறதுக்கு முன்னால தெருவுக்குப் போயிருமேன்னு இருக்கு."

உள்ளே சிகாமணி அண்ணன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. படம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காது கேட்பதுபோல் காட்டிக்கொள்ளச் சத்தம் வைப்பதையும் விட்டுவிட்டார் போல.

திரும்பி வந்து அரிசி களைந்தேன். களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினேன். பகல் முழுவதும் "இருந்தா" என்று அவள் சொன்னதுதான் காதில்.

மார்ச் 17, வெள்ளி

ரசம், துவையல். இவருக்கு இன்று என்னவோ, "நன்றி ஆண்டவரே" என்று சொன்னபின் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து அப்புறம் ஆமென் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

ஜெபத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் இவ்வளவு கேட்குமென்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் மற்றவர்கள் ஜெபிக்கும்போது நான் என் முறைக்கு வார்த்தை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரத்னாபாய் சித்தி வாராவாரம் "என் ஆகாரத்துக்காக நன்றி" என்று தொடங்குவாள். பழக்கத்தில் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். இன்று அவள் குரலைக் கேட்டபோது அப்படித் தோன்றவில்லை. திரும்பும்போது அவளோடு நடந்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. தொண்டை சரியில்லாதவள்தானே. நடையிலேயே அவளாகச் சொன்னாள், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது என்று. பிள்ளைகள் எல்லாம் வெளியூர்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். சாம்பார்தான் என்றும் சொல்லிவிட்டேன்.

கணக்கு: ஞாயிறுக்கு அப்பளம் ஒரு கட்டு கூடுதல்.

மார்ச் 27, திங்கள்

பண்டிகைக்குக் கோயிலுக்கும் பக்கத்து ஹாலுக்கும் வெள்ளையடிக்கிறார்கள். பாடகர் குழுவுக்குப் பயிற்சி செய்ய இடமில்லை என்று இவர் சொன்னார். நம் வீட்டுப் பின்வாசலில் செய்யட்டுமே என்றேன். மாமர நிழல் இருக்கிறது, காற்று வரும். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பின்வாசல்லயா?"

"முன்னால வெயில்லா" என்றேன்.

மார்ச் 29, புதன்

சாயந்தரம் ஆறு மணிக்குப் பயிற்சி வைக்கச் சொன்னேன். ஐந்தரை என்றால் வேலைக்குப் போகிறவர்கள் வந்து சேர மாட்டார்கள். ஆறு மணிக்குத்தான் சிகாமணி அண்ணன் தன் வீட்டுப் பின்வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். அது வேறு விஷயம்.

நாற்காலிகளை மதிலைப் பார்த்துப் போட்டேன். மறுபக்கம் போட்டால் கண்ணில் வெயில் குத்தும்.

எல்லோரும் வந்தார்கள். கிங்ஸ்லி கீபோர்டுக்கு என் அடுப்படியிலிருந்து ஒயர் இழுத்தான். ஈஸ்டர் பாட்டை ஆரம்பித்தார்கள். மோசம் என்று சொல்வது பாவம். பெண்கள் ஒரு பக்கம், டெனர் பாடுகிற மேல்குரல் ஆண்கள் ஒரு பக்கம், இவர்கள் பாஸ் எல்லோருக்கும் பின்னால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள்போல். மதிலுக்கு அந்தப் பக்கம் ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மார்பு உயர மதில். அண்ணன் தலை தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டாம் தடவை பாடும்போது அவர் பாதி திரும்பினார். மூன்றாம் தடவை முழுதாகத் திரும்பினார். அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது, பெரிதாக ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஹோஸ் பைப் ஒரே செம்பருத்தியின் வேரில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் சுக்குக் காப்பித் தட்டோடு வாசற்படியில் அசையாமல் நின்றேன். மனதுக்குள்கூட ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது.

"ஏல கிங்ஸ்லி, நிறுத்துல."

எல்லோரும் நிறுத்தினார்கள்.

"மூணாவது வரியில எல்லாரும் ஒண்ணுபோல மூச்சு எடுத்தா, அந்நேரம் பாட்ட யாரு பாடுவா? ஒங்க வீட்டுச் சுவரா? டெனர் பொறவு எடுக்கணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

கிங்ஸ்லி எழுந்தே நின்றுவிட்டான். மெதுவாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணன் கையை உயர்த்தினார். ஈரம் சொட்டிய கை.

"இருங்க. ஒண்ணு சொல்லிருதேன். எனக்குக் காது மந்தம். எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. போட்டும். ஆனா எவனும் எவளும் என் காதுல வந்து கத்தாதீய. மொகத்துக்கு நேரா நின்னு சாதாரணமாப் பேசுங்க, எனக்கு வெளங்கும்."

இவர்தான், பேச்சில் கஞ்சமான என் வீட்டுக்காரர், மதிலருகே போய் அண்ணன் முகத்துக்கு நேராக நின்று, சாதாரணமாகச் சொன்னார். "சரிண்ணே. இந்தப் பக்கம் வாங்க. காப்பி ஆறுது."

கேட்டைச் சுற்றி வருவார் என்று பார்த்தால், இவர் போட்ட முக்காலியில் இறங்க அண்ணன் மதில்மேல் ஏறிவிட்டார். அறுபது வயது மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அந்தப் பக்கத்திலிருந்து எப்சி அக்கா, "விழுந்து தொலைக்காதீய, பெரிய பண்டிகை வருது" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

அவர் கை மேலே போனது. இந்தத் தடவை டெனர் பிறகுதான் மூச்சு எடுத்தார்கள்.

அக்கா மதிலோரமே நின்று கடைசிவரை பார்த்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். மதிலைப் பார்த்தாள். அஸ்தமிக்கிற சூரியன் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள்; அது அவளுக்குப் பின்னால், பாடுகிறவர்கள் கண்ணுக்கு நேராக இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் காப்பித் தம்ளர்களை எடுக்கக் குனிந்துவிட்டேன்.

மார்ச் 30, வியாழன்

மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். "பார்க்கப்போனால் நான் அன்றைக்கு ஜெபித்ததால்தானே இப்போது" என்று ஆரம்பிக்கிற வரி. அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 2, ஞாயிறு. குருத்தோலைப் பவனி

பவனியில் சிகாமணி அண்ணன் முன்னால் நடந்து கை காட்டிக்கொண்டு போனார். கீபோர்டு தெருவுக்கு வராது, அதனால் கிங்ஸ்லி அவருக்கு எதிரே டாம்பரின் தட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான். சைக்கிள்காரர் ஒருவர் மேல் இடித்துக்கொண்டான். அவன் வேகம் குறைந்திருக்கிறது.

எப்சி அக்கா இன்னும் பேசவில்லை. ஆனால் குருத்தோலை வாங்கும் வரிசையில் நல்ல ஓலையாக ஒன்றைப் பார்த்து எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். பின்னால் நின்றது நான்தான். தெரிந்து கொடுத்தாளோ, தெரியாமல் கொடுத்தாளோ. சிலுவை மடித்து வேதத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. கஞ்சி. பேச்சில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு. ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. கோயில் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசனையும் லில்லிப்பூ வாசனையும். பாடகர் குழு எழுந்து நின்றது. சிகாமணி அண்ணன் காதில் மிஷின் இருக்கிறதா என்று பெண்கள் பக்கம் முழுவதும் கழுத்தை நீட்டியது. இருந்தது. இடது காதில், சின்னதாக. கிங்ஸ்லி முதல் சுருதியைக் கொடுத்ததும் அண்ணன் முகம் சுளித்து, சத்தத்தைக் குறை என்று சைகை காட்டினார். பாஸ் வரிசையில் இவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பாட்டைப் பற்றி எழுதத் தெரியவில்லை. மூன்றாவது வரி வந்தபோது நானும் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சமாதானம் தொடங்கியது. பெஞ்சில் எனக்கு இடப்பக்கம் ரத்னாபாய் சித்தி. இப்போது ஞாயிறுதோறும் நம் வீட்டில் சாப்பிடுகிறவள். அந்தப் பக்கம் எப்சி அக்கா. திடீரென்று சித்தி, இங்கே ஃபேன் காற்று வரவில்லை என்று எழுந்து, முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். எங்கள் தலைக்கு நேர் மேலேதான் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒன்றரை ஆள் இடம் காலியாகக் கிடந்தது. சமாதானம் வரிசையில் வந்து அக்கா கைக்குள் சேர்ந்தது. அவள் கொஞ்ச நேரம் அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பின் பெஞ்சுக்காரர்கள் காத்திருந்தார்கள். அப்புறம் நகர்ந்து வந்து என் பக்கம் திரும்பினாள்.

"சமாதானம்" என்றாள்.

தேங்காய் துருவின கை. நான் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டினார்கள்.

ஏப்ரல் 10, திங்கள்

மீன்காரர் காலையிலேயே வந்துவிட்டார். சீலா. பரணிலிருந்து சட்டியை இவரே ஏறி இறக்கிக் கொடுத்தார், பிள்ளையைத் தூக்குவதுபோல். குழம்பு கொதிக்கும்போது அடுப்படியை விட்டு நகரவில்லை. சாப்பிடும்போது இவர் ஜெபம் வழக்கத்தைவிட நாலு வார்த்தை நீளம்.

அக்காவின் தூக்குவாளியில் குழம்பை ஊற்றி, நல்ல நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டு, மதிலுக்கு மேலே நீட்டினேன். அவள் வாங்கி மூடியைத் திறந்து மணம் பார்த்தாள். புளி கொஞ்சம் கூடிருச்சு என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. புளி கூடவில்லை.

உள்ளே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. வாளியை மதில்மேல் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, செம்பருத்தியையே பார்த்தபடி நின்றாள். நானும் ஒன்றும் கேட்காமல் நின்றேன். நிற்கப் பழகிவிட்டது.

"ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும், பிள்ள" என்றாள் கடைசியில்.

சொன்னாள். கேட்டுக்கொண்டேன். சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில் என் கண் மூட ஆரம்பித்திருக்கிறது. "ஏட்டி, கண்ணத் தொற" என்று அதட்டினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அண்ணன், என்ன சிரிப்பு அங்கே என்று கேட்டார். மிஷின் நன்றாக வேலை செய்கிறது.

அவள் சொன்னது என்ன என்று இந்த இடத்தில் எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை.

கணக்கு: சீலா மீன், சின்ன வெங்காயம், தேங்காய். அக்கா வீட்டுத் தூக்குவாளி கொடுத்தாயிற்று. என் கிண்ணம் ஒன்று அங்கே இருக்கிறது.